தொல்லை விலங்கு பிடிப்பதைப் பக்கத்தொழிலாக நடத்த முடியுமா? குமரி மாவட்டத்தில் யாராவது செய்கிறீர்களா?

குலசேகரம் பால்வெட்டு:

அனைவருக்கும் வணக்கம். ரப்பர் பால்வெட்டுதான் என் தொழில். விடியுமுன் இறங்கினால் பத்து மணிக்குள் பால் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து முடித்துவிடுவேன். அதன் பிறகு நாள் முழுவதும் சும்மா இருக்கிறேன். மழைக்காலம் வந்தால் வெட்டே கிடையாது.

சிறு வயதிலிருந்தே கூடு வைத்துப் பெருச்சாளி பிடித்துப் பழக்கம். ஊரில் யார் வீட்டு மச்சில் மரநாய் ஓடினாலும், கோழிக்கூட்டில் பாம்பு புகுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போனால் ஐம்பது ரூபாய் கொடுப்பார்கள். சிலர் "நம்ம பையன்தானே" என்று அதையும் கொடுப்பதில்லை. யூடியூபில் பார்த்தால் அமெரிக்காவில் இதையே தொழிலாக வைத்து, வண்டியில் பெயர் எழுதி ஓட்டுகிறார்கள். ரக்கூன் என்ற ஒன்றைப் பிடிப்பதற்கு நம் ஒரு மாதச் சம்பளத்தை வாங்குகிறார்கள் போலிருக்கிறது. நானும் நாலைந்து பெரிய கூடுகள் வாங்கி, மார்த்தாண்டம் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். எந்த அளவுக் கூடு வாங்க வேண்டும்? உரிமம் ஏதாவது தேவையா? எவ்வளவு கேட்கலாம்?

நாஞ்சில் வயல்:

தம்பி, நோட்டீஸில் வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் சேர்த்தே அச்சடித்துவிடுங்கள். அவர்கள் உங்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

முன்னாள் வனக்காப்பாளர்:

மேலே இருப்பது கிண்டல் என்றாலும் விஷயம் அதுதான். தம்பி கோபப்படாமல் படிக்க வேண்டும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதில் 'வேட்டை' என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, இரை காட்டி இழுப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். மரநாய்க்குக் கூட்டில் வாழைப்பழம் வைத்த நிமிடத்திலேயே நீங்கள் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரர். மரநாய், குரங்கு, மயில், உடும்பு, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் எல்லாம் சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் இருப்பவை. முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நீங்கள் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டேன் என்று சொன்னாலும் வழக்கு வழக்குதான். அது நல்லெண்ணத்துக்குச் சலுகை தரும் சட்டம் இல்லை. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காக்க, வேறு வழியில்லாமல் கொன்றால் மட்டும்தான் விலக்கு.

முன்பு எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் இவற்றைத் தொல்லை விலங்கு என்று பட்டியலிட்ட ஐந்தாம் அட்டவணை ஒன்று இருந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். வீட்டு எலியும் பெருச்சாளியும் இப்போது பாதுகாப்புப் பட்டியலில் இல்லை, அவற்றைப் பிடிக்கலாம். வௌவாலைத் தொட வேண்டாம். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது பழந்தின்னி வௌவாலைத்தான் தேடிப் போனார்கள். அந்த ஒரு காரணம் போதும்.

பணியில் இருந்தபோது இந்த மாதிரிப் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கெட்டவர்கள் கிடையாது. பிடித்ததைக் கையில் தூக்கிப் படம் எடுத்துப் போடுவார்கள், அந்தப் படமே சாட்சி ஆகிவிடும்.

குலசேகரம் பால்வெட்டு:

அண்ணாச்சி, அப்படியானால் மிச்சம் இருப்பது எலி மட்டும்தானா? எலிக்குப் போய் யார் காசு தருவார்கள்? பெட்டிக்கடையில் எலிப்பெட்டி விற்கிறதே.

ராஜாக்கமங்கலம் தோப்பு:

நான் தருவேன். என் போலத் தென்னை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் தருவார்கள்.

எலி தரையில் மட்டும் இருப்பதாக நினைப்பவர்கள் தென்னந்தோப்பில் ஒரு காலை நேரம் நடந்து பார்க்கட்டும். மரத்தடியில் குரும்பையும் இளநீரும் கொட்டிக் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் காம்புப் பக்கம் வட்டமாக ஓட்டை, உள்ளே ஒன்றும் இருக்காது. மரத்து எலி தென்னையின் மண்டையிலேயே (உச்சியில்) கூடு கட்டிக் குட்டி போடும். ஓலைக்கு ஓலை தாவி அடுத்த மரத்துக்குப் போகும். கீழே எத்தனை எலிப்பெட்டி வைத்தாலும் அது இறங்கி வர வேண்டிய அவசியமே இல்லை.

இதற்குப் பழைய வழி, தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. வழுக்கிவிடும், ஏற முடியாது. ஓலைகள் ஒன்றோடொன்று தொடாத தோப்பில் இது அருமையாக வேலை செய்யும். நெருக்கி நட்ட தோப்பில் தகரம் கட்டுவது வீண் செலவு, அங்கே மண்டையைச் சுத்தம் செய்து மருந்துக் கட்டிதான் வைக்க வேண்டும். ஐந்து மரத்துக்கு ஒரு மரம் என்று எடுத்து, அதன் மண்டையில் 10 கிராம் புரோமடியோலோன் கட்டி. 12 நாள் இடைவெளி விட்டு இன்னொரு முறை. எல்லா மரத்திலும் ஏற வேண்டியதில்லை, எலியே தேடி வரும்.

சிக்கல் என்னவென்றால் ஏறுவதற்கு ஆள் இல்லை. தேங்காய் வெட்ட வருகிறவர் வெட்டிவிட்டு இறங்கிவிடுவார். மண்டையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை. பால்வெட்டுக்காரர் பதினொரு மணிக்கு வந்து தகரம் கட்டித் தந்தால், மரத்துக்கு இவ்வளவு என்று நான் பேசத் தயார்.

முன்னாள் வனக்காப்பாளர்:

ஒரு எச்சரிக்கை. தோப்புக்காரர் தன் மரத்துக்குத் தானே மருந்து வைத்துக்கொள்வது வேறு, அதைக் கூலித் தொழிலாக ஊர் ஊராகச் செய்வது வேறு. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ம் அதன் 1971 விதிகளும் எலி மருந்தையும் சேர்த்தே பேசுகின்றன. வணிகமாகச் செய்ய வேளாண் துறை உரிமம் தேவை. அதற்கு வேதியியல் படித்த பட்டதாரி, மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடத்தில் பயிற்சி என்று நிபந்தனைகள் இருக்கின்றன. தம்பிக்கு அது இல்லையென்றால் தகரமும் பொறியும் போதும்.

நாஞ்சில் வயல்:

கிண்டல் செய்ததற்குப் பிராயச்சித்தமாக நானும் கொஞ்சம் உருப்படியாக எழுதுகிறேன்.

வயல் எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்று ஒன்று இருக்கிறது. மூங்கிலை வளைத்து, கயிறு கட்டி, இரையைத் தொட்டதும் அடிக்கும் வில். தஞ்சாவூர்ப் பக்கம் அதை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களே உண்டு. மாலையில் வரிசையாக நட்டுவிட்டு விடிந்ததும் எடுத்துப் போவார்கள். பிடித்த எலிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. நம் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்துக்கும் எலித் தொல்லை உண்டு, ஆனால் கிட்டி வைப்பவர் அருகிப்போனார்.

கதிர் பால் பிடித்த பிறகு கூப்பிட்டு அழுவதில் பயன் இல்லை. நாற்று நட்ட சில வாரங்களுக்குள், பூ எடுக்கும் முன் வைக்க வேண்டும். என் வயலில் மட்டும் வைத்தால் பக்கத்து வயல் எலி இரண்டு நாளில் குடியேறிவிடும். ஒரு ஏலாவில் (சேர்ந்தாற்போல் கிடக்கும் வயல்பரப்பில்) இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். அதனால் தனி ஆளிடம் போகாதீர்கள், பாசனச் சங்கத்தைப் பிடியுங்கள். ஒரே பேச்சில் ஏலா முழுவதும் கிடைக்கும். கூடவே வரப்பை ஒடுக்கச் சொல்லுங்கள். அகலமான வரப்பு எலிக்கு மாளிகை.

வடசேரி ஹார்டுவேர்:

இவ்வளவு யோசிப்பானேன்? பசை அட்டை வாங்கி வையுங்கள். சந்தைக்கு வருகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். வைத்தோம், பிடித்தது, மடித்துக் குப்பையில் போட்டோம்.

தோவாளை அக்கா:

மடித்துக் குப்பையில் போடுவதற்கு முன் அது எவ்வளவு நேரம் கத்துகிறது என்று கடைக்காரர் கேட்டதுண்டா? எங்கள் பூக்கட்டும் கொட்டகையில் யாரோ வைத்த அட்டையில் ஒட்டியது இரண்டு பல்லி, ஒரு ஓணான், ஒரு அணில் குட்டி. எலி ஒன்றுகூட இல்லை. எண்ணெய் தடவித் தடவி அணிலை எடுத்தோம், தோல் உரிந்துவிட்டது.

வடசேரி ஹார்டுவேர்:

அக்கா, நான் அணிலைப் பிடிக்கச் சொல்லவில்லை. வைக்கிற இடம் தெரியாமல் வைத்தால் அட்டை என்ன செய்யும்?

முன்னாள் வனக்காப்பாளர்:

அட்டைக்குத் தெரியாதுதான். அதனால்தான் இந்திய விலங்கு நல வாரியம் பசைப் பொறியைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்தே இருக்கிறது. தொழிலாகச் செய்கிறவர் பசை அட்டையோடு ஒரு வீட்டுக்குள் போனால், அந்த வீட்டுப் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் அவரைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். வியாபாரமாகப் பார்த்தாலும் நஷ்டம்தான்.

ஒஹாயோ குமரிக்காரன்:

கருங்கலில் பிறந்து இப்போது ஒஹாயோவில் இருக்கிறேன். யூடியூப்பைப் பார்த்துத் தம்பி ஏமாந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இங்கே இந்தத் தொழிலுக்கு மாநில உரிமம் வேண்டும், தேர்வு எழுத வேண்டும். பொறி வைத்தால் 24 மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். ரக்கூன், ஸ்கங்க், நரி போன்றவற்றைப் பிடித்து வேறு ஊரில் கொண்டுபோய் விடக் கூடாது. பிடித்த நிலத்திலேயே விட வேண்டும், இல்லையென்றால் கருணைக்கொலை. வெறிநோய் பரவும் என்ற பயம். வீடியோவில் இதையெல்லாம் காட்ட மாட்டார்கள், கூட்டுக்குள் உறுமுவதை மட்டும் காட்டுவார்கள்.

என் வீட்டுப் பரணில் ரக்கூன் குடும்பம் ஏறியபோது வந்தவர் பொறியே வைக்கவில்லை. கூரையைச் சுற்றி நடந்தார். ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஒருவழிக் கதவு ஒன்றைப் பொருத்தினார். உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வரலாம், திரும்ப உள்ளே போக முடியாது. அதற்கு முன் குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்துத் தாயோடு சேர்த்தே வெளியேற வழி செய்தார். எல்லாம் போன பிறகு ஓட்டையைத் தகடு அடித்து மூடினார். ரசீதில் பெரிய தொகை அந்த மூடும் வேலைக்குத்தான் இருந்தது. பிடிப்பதை ஒருமுறைதான் விற்கலாம். அடைத்துத் தருவதற்கு உத்தரவாதம் கொடுக்கலாம், வருடா வருடம் வந்து பார்க்கக் கட்டணம் வாங்கலாம்.

இரணியல் கொத்தனார்:

ஒஹாயோக்காரர் சொல்வதை நான் ஓட்டு வீடுகளில் செய்துகொண்டிருக்கிறேன், அதற்கு இப்படி ஒரு பெயர் உண்டென்று இன்றுதான் தெரிகிறது.

மரநாய் விஷயத்தில் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. மச்சில் இரவு பத்து மணிக்கு மேல் தடதடவென்று ஓட்டம், சீலிங்கில் மஞ்சள் கறை, சில வீடுகளில் ரம்பை இலை போட்டுச் சோறு வடித்த மாதிரி வாசனை. இவை இருந்தால் மரநாய்தான். பகலெல்லாம் உள்ளே தூங்கும், இருட்டியதும் பழம் தேடி வெளியே போகும். மாவு தூவி வைத்தால் எந்த வழியாகப் போகிறது என்று கால் தடம் காட்டிவிடும். பெரும்பாலும் மோட்டு ஓடு விலகிய இடம், அல்லது சுவரும் கைமரமும் சேரும் மூலை. முதலில் கூரைமேல் சாயும் பலா, மா, கொல்லாமரக் (முந்திரி) கிளைகளை வெட்ட வேண்டும். பிறகு அது வெளியே போன நேரம் பார்த்துக் கனமான கம்பிவலையை அடிக்க வேண்டும். கோழிவலை வேண்டாம், கடித்துப் பிய்த்துவிடும்.

குட்டிச் சத்தம் கேட்டால் மூடக் கூடாது. மூடினால் தாய் வெளியே நின்று ஓட்டைப் பெயர்க்கும், குட்டி உள்ளே செத்து நாறும். ஒன்றிரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்குப் பொறுமை இருக்காது, அதைப் பேசிச் சமாளிப்பதும் வேலையில் சேர்ந்ததுதான்.

திருவட்டாறு நாகம்:

பாம்பை ஏன் எல்லோரும் விட்டுவிட்டீர்கள்? நான் வெறுங்கையால் பிடிக்கிறேன். நல்ல பாம்பு, விரியன் எதுவானாலும் வால் பிடித்தால் போதும். இதில்தான் பெயரும் பணமும். தம்பி விருப்பப்பட்டால் கற்றுத் தருகிறேன்.

ஆசாரிப்பள்ளம் செவிலியர்:

கற்றுத் தரும் முன் எங்கள் வார்டுக்கு ஒரு நடை வந்து போங்கள்.

நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ரப்பர் தோட்டத்துச் சருகில் கிடக்குமே, மூக்கு நுனி மேடாக, சிறிய குழிவிரியன், அதன் விஷத்துக்கு இந்த மருந்து கேட்காது. ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகலாம். நாங்கள் செய்வதெல்லாம் டயாலிசிஸும் காத்திருப்பும்தான். பால்வெட்டுத் தம்பி விடியற்காலையில் அந்தச் சருகில்தான் நடக்கிறார். முதலில் முழங்கால் வரை பூட்ஸும் தலைவிளக்கும் வாங்கட்டும், கூடு அப்புறம். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, வைத்தியர் வீட்டுக்கு ஓடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை. 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடி கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகிவிட்டது, தனியார் மருத்துவமனையும் தெரிவிக்க வேண்டும்.

எலி பிடிப்பவருக்கும் ஒரு வார்த்தை. செத்த எலியை வெறுங்கையால் தூக்குவது, கூட்டைக் குளத்தில் கழுவுவது இரண்டும் எலிக்காய்ச்சலுக்கு வாசல். எலியின் சிறுநீர் கலந்த ஈரம், காலில் ஒரு சிறு வெடிப்பு, அது போதும். ரப்பர் கையுறை போடுங்கள். கூட்டைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் "நான் எலி பிடிப்பவன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

முன்னாள் வனக்காப்பாளர்:

பாம்பு பற்றி நானும் முடித்துவிடுகிறேன். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். அவர்களே வனத்துறை அனுமதி வாங்கித்தான் பிடிக்கிறார்கள், விஷம் எடுத்த பிறகு திரும்ப விட்டுவிடுகிறார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரள வனத்துறை பயிற்சி கொடுத்துச் சான்றிதழோடு ஆட்களை வைத்திருக்கிறது. நம் பக்கம் வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது வனத்துறை. திருவட்டாறுக்காரர் வெறுங்கை வித்தையைப் பொதுவில் எழுதாமல் இருப்பது அவருக்கு நல்லது.

பேச்சிப்பாறை மரச்சீனி:

எலி, மரநாய் எல்லாம் சரி. ஒரே இரவில் ஒரு விளை (தோட்டம்) மரச்சீனியை, அதாவது மரவள்ளியை, உழுது போட்டுவிட்டுப் போகும் பன்றிக்கு யாரைக் கூப்பிடுவது? ஆடும் கோழியும் விற்று நட்டது. கம்பிச் சுருக்கு வைத்தால் குற்றம், கரண்டு வைத்தால் குற்றம். பன்றி செய்வது மட்டும் குற்றம் இல்லை.

முன்னாள் வனக்காப்பாளர்:

உங்கள் கோபம் நியாயம்தான். 2025 ஜனவரியில் அரசு ஆணை வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைப் பிடிக்கவும் சுடவும் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம். எதையும் வனத்துறைதான் செய்யும், விவசாயி கையில் துப்பாக்கி கிடையாது. மாவட்டத்தில் 2008-ல் அறிவித்த கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 400 சதுர கி.மீ.க்கு மேல் பரந்து கிடக்கிறது. பேச்சிப்பாறைக்காரருக்கு இந்த ஆணையால் உடனடிப் பலன் குறைவு என்பது எனக்கும் தெரிகிறது. இழப்பீட்டு மனுவைச் சேதத்தின் படத்தோடு உடனே கொடுங்கள். சுருக்கு வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டினால் உங்கள் விளையே வழக்குக்குப் போய்விடும்.

பேச்சிப்பாறை மரச்சீனி:

மனு கொடுத்தவர்களைக் கேட்டால் பன்றியே பரவாயில்லை என்கிறார்கள். சரி, நன்றி.

மார்த்தாண்டம் தேன்பெட்டி:

பால்வெட்டுத் தம்பிக்கு இன்னொரு வழி. தேனீ.

சுவர்ப் பொந்தில், மின்மீட்டர் பெட்டியில், தண்ணீர்த் தொட்டிக்குள் அடுக்குத் தேனீ குடியேறிவிட்டது என்று எங்களுக்கு அடிக்கடி அழைப்பு வருகிறது. பெரும்பாலானவர்கள் தீப்பந்தம் காட்டியோ மருந்தடித்தோ கொன்றுவிடுகிறார்கள், வயிறு எரிகிறது. அடையை அறுத்துப் பெட்டியின் மரச்சட்டத்தில் கட்டி, ராணியைப் பெட்டிக்குள் விட்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும். வீட்டுக்காரர் அகற்றுவதற்குக் கூலி தருவார், பெட்டியும் உங்களுக்கே. ரப்பர் இளந்தளிர் விடும் மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கும் தேன்தான் நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு. நீங்கள் நிற்பதே தேன் காட்டில்.

மரக்கிளையிலும் பெரிய கட்டடத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெருந்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது, அதன் பக்கம் போக வேண்டாம். கதண்டுக் (பெரிய குளவி) கூடு என்றால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். கூட்டமாகக் கொட்டினால் ஆள் பிழைப்பது கடினம்.

குலசேகரம் பால்வெட்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டினேன். "பாம்பை விட்டதே போதும்" என்று அம்மா சொல்லிவிட்டார்கள்.

பெரிய கூடு வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். தென்னைக்குத் தகரம், ஓட்டு வீட்டுக்குக் கம்பிவலை, கடைகளுக்குப் பெருச்சாளிக் கூடு, முடிந்தால் தேன்பெட்டி. இன்னும் இரண்டு சந்தேகம். பெருச்சாளி என் கூட்டில் முதல் இரண்டு நாள் ஏறுவதே இல்லை, கடைக்காரர்கள் பொறுமை இழக்கிறார்கள். அடுத்து, பதிவு ஏதாவது செய்ய வேண்டுமா?

நாஞ்சில் வயல்:

புதிதாக ஒரு பொருள் வந்தால் எலி சந்தேகப்படும். கூட்டைக் கதவைக் கட்டித் திறந்தே வையுங்கள். வறுத்த தேங்காய்த் துண்டோ சாளைக் கருவாடோ போட்டுத் தின்றுபோக விடுங்கள். சுவரோரமாக, அது ஓடும் தடத்திலேயே வையுங்கள், நடுத்தளத்தில் வேண்டாம். தைரியமாக வந்து தின்னத் தொடங்கிய பிறகு கொக்கியை மாட்டுங்கள். இதைக் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் பொறுமை தானாக வரும். சொல்லாமல் விட்டால் வேலை தெரியாதவர் என்பார்கள். வளைக்கு வாயில் புதுமண் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, மறுநாள் திரும்பக் குவிந்த வளைகளில் மட்டும் கூடு வையுங்கள்.

ஒஹாயோ குமரிக்காரன்:

பதிவுக்கு உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவுத் தளம்) தளத்தில் ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது போலித் தளம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி., அந்தக் கவலை இப்போது வேண்டாம். விபத்துக் காப்பீடு மட்டும் கட்டாயம் எடுங்கள், கூரையில் ஏறும் வேலை. 'வனவிலங்கு' என்ற சொல்லை நோட்டீஸில் எங்கும் போடாதீர்கள். 'எலிக் கட்டுப்பாடு, கூரை அடைப்பு' போதும்.

இரணியல் கொத்தனார்:

கூலி பேசும்போது பார்த்துச் சொல்வதற்குத் தனியாக ஒரு தொகை வாங்குங்கள், வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். சும்மா வந்து பார்த்துப் போனால் ஓட்டை எங்கே என்று உங்களிடமே தெரிந்துகொண்டு, மருமகனை விட்டு அடைத்துக்கொள்வார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கும் ரசீது எழுதுங்கள். தள்ளுபடி செய்தாலும் ரசீதில் எழுதித் தள்ளுபடி செய்யுங்கள்.

ராஜாக்கமங்கலம் தோப்பு:

தம்பி, என் தோப்பில் தகரம் கட்டத் தகுந்த மரம் தெற்குப் பக்கம் மட்டும்தான், வடக்கே நெருக்கம். வந்து பார்த்து எண்ணிச் சொல்லுங்கள். தகரமும் ஆணியும் நான் வாங்கித் தருகிறேன், வெட்டும் கத்திரி உங்களுடையது. பார்க்கும் கூலி உண்டு, கொத்தனார் சொன்னதை நானும் படித்தேன். எந்த நாள் வருவீர்கள்?

குலசேகரம் பால்வெட்டு:

மழை பெய்து வெட்டு இல்லாத முதல் நாள் வருகிறேன், அண்ணாச்சி. மரம் ஈரமாக இருக்கும், அன்று எண்ண மட்டும் செய்யலாம்.